ஆளியும் யாளியும்: இல்பொருள் விலங்கின் உறுப்பியைபு

ஸ்ரீவில்லிபுத்தூர் எனப் பெருவழக்காக வழங்கும் திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் மண்டபத்துள் புகுவார் வீரபத்திரர் முதலிய பேருருவங்களின் முன் சிறிது நின்று, பின் யாளித் தூண்களைக் கடந்து செல்வர். நிற்பது உருவங்களின் முன், கடப்பது யாளிகளை. கோயிற்கலை பற்றி எழுதுவாரும் பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றனர். யாளி என்பது தூணுக்கு அமைந்த அணி, அதற்குமேல் அதனிடம் ஆராய ஒன்றுமில்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும். இவ்வெண்ணம் கலை ஆராய்ச்சிக்கு மட்டுமன்றிச் சங்க இலக்கிய ஆராய்ச்சிக்கும் ஓர் இடர் விளைத்துள்ளது. அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இடர் யாது? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, யாளி என்னும் சொல்லிற்குச் சிங்கமுகமும் யானையின் கோடும் துதிக்கையும் உடையதாகக் கருதப்படும் விலங்கு என்னும் கருத்துப்படப் பொருள் கூறும். அகநானூறும் நற்றிணையும் பயிலும் மாணவர், ஆளி என்னும் சொல்லை எதிர்ப்படுங்கால் இப்பொருளையே துணைக்கொள்கின்றனர். ஆனால் இது தூணினின்று எடுத்த பொருள், பாட்டினின்று எடுத்ததன்று. நாயக்கர் காலத்துச் சிற்பி சமைத்த உடலைச் சங்கப் புலவன் கண்ட விலங்கின்மேல் ஏற்றிப் படித்தால், பாட்டு தன் பொருளை இழக்கும். அஃது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

ஆளியைக் குறிக்கும் சங்கப் பாடல்களுள் மூன்று சிறப்பாக நோக்கத்தக்கன. நற்றிணை 205-ஆம் பாட்டில், புலியைக் கொன்ற களிறு ஒன்றினை ஆளி தன் உகிரால் பற்றி இழுத்துச் செல்கின்றது. அகநானூறு 252-ஆம் பாட்டில், புலி நடுங்குமாறு பாய்ந்து யானையின் முகத்தில் அறைந்து அதன் கோட்டைப் பறிக்கின்றது. அகநானூறு 381-ஆம் பாட்டிலோ, பறித்த கோட்டினுள்ளே உள்ள குருத்தை உண்கின்றது. இம்மூன்றிலும் ஆளிக்குத் துதிக்கை இல்லை, கோடும் இல்லை. உகிர் உண்டு, பாய்ச்சல் உண்டு, ஊன் வேட்கை உண்டு. கோடு யானைக்கு உரியது. ஆளி அதனைப் பறிப்பது. அகராதிப் பொருளைக் கொண்டு 252-ஆம் பாட்டைப் படிப்பவன், கோடுடைய ஒரு விலங்கு கோடுடைய மற்றொரு விலங்கின் கோட்டைப் பறிப்பதாகக் காண்பான். புலவன் காட்டியது அவ்வாறான இணைப்போர் அன்று. முற்றும் வேறாகிய இரண்டு உடல்களின் மோதல்.

ஆளி உண்மையாகவே இந்நாட்டில் வாழ்ந்து அழிந்த விலங்கு என்பர் ஒரு சாரார். பாடல்களில் பயிலும் உகிரும் வேட்டமும் இத்துணைத் திட்பமாக இருத்தலின் கண்டவரே பாடியிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். யானையைக் கொன்றுண்ணும் அத்தகைய விலங்கின் எலும்போ பல்லோ இதுவரை எங்கும் கிடைத்திலது; ஆதலின் அவ்வாதம் நில்லாது. மற்றொரு சாரார் இதனை வெறுங்கற்பனை என்பர். இக்கூற்றும் எனக்கு உடன்பாடன்று. வெறுங்கற்பனையாயின், எந்த உறுப்பையும் எந்தச் செயலையும் அதற்கு ஏற்றியிருக்கலாம். புலவர் அவ்வாறு செய்திலர்.

இதனை விளங்கிக்கொள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நிற்றல் நன்று. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அம்மலையின் கீழ்ப்புறத்தே சிறு தொலைவில் அமைந்த ஊர்கள். மலைக்காட்டில் 1988-இல் சாம்பல் நிற மலையணிலுக்கெனச் சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. யானை, புலி, வரையாடு, சோலைமந்தி எனும் சிங்கவால் குரங்கு ஆகியன அங்கு வாழ்வன. இவற்றுள் யானையும் புலியும் குறிஞ்சிப் புலவர் நேரிற் கண்டவை. சிங்கமோ தமிழ்நாட்டுக் காட்டு விலங்கு அன்று.

இக்காட்டில் எது எதனை உண்ணும் என வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலனாகும். மானைப் புலி உண்ணும். யானைக் கன்றையும் சிற்சில வேளை புலி கவரும். வளர்ந்த களிற்றை உண்ணும் விலங்கோ இல்லை. விலங்கியலார் இன்று கூறும் இச்செய்தியைக் காட்டில் வாழ்ந்தார் என்றும் அறிந்திருப்பர். வரிசையின் உச்சியில் ஓரிடம் வெறிதாக உள்ளது. அவ்விடத்திற்கு உரியதாகப் புலவன் படைத்ததே ஆளி. நற்றிணைப் பாட்டின் வைப்புமுறையை நோக்குக. முதலில் புலி, அதனைக் கொன்ற களிறு, அக்களிற்றை இழுக்கும் ஆளி. ஏணியின் படிகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, காட்சியில் உள்ளனவற்றைக் கடந்து காட்சியில் இல்லாத ஒன்றிடம் கொண்டு சேர்க்கின்றான். உள்ள இரண்டு படிகள் உறுதியாக இருத்தலின் இல்லாத மூன்றாம் படியும் உறுதியாகத் தோன்றுகின்றது.

381-ஆம் பாட்டுச் செய்தி இன்னும் வியக்கத்தக்கது. யானைக் கோடு புறத்தே திண்ணியதாகத் தோன்றினும் முழுதும் திண்ணியதன்று. அது மேல்தாடையினின்று நீண்டு வளர்ந்த பல். ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி தலையெலும்பினுள் மறைந்து கிடக்கும். அவ்வடிப்பகுதி உட்குழிவுடையது, அக்குழிவினுள் குருதிக்குழாய்களும் நரம்புகளும் செறிந்த மென்தசை நிறைந்திருக்கும். கோட்டை வேரோடு பறித்தாலன்றி அம்மென்தசை வெளிப்படாது. ஒடித்தால் கிட்டாதது பறித்தால் கிட்டும். ஆளி ஒடிக்கவில்லை, பறிக்கின்றது, உள்ளிருப்பதை உண்கின்றது. யானையின் உடலை நன்கறிந்த ஒருவனே இல்லாத விலங்கிற்கு இவ்வுணவை வகுத்திருத்தல் கூடும். ஆளி பொய், அது உண்ட உணவு மெய்.

இப்பாட்டிலேயே மொழிமரபு பற்றிய குறிப்பும் உளது. ஆளியின் ஆணினை அப்புலவர் ஒருத்தல் என்கின்றார். ஒருத்தல் என்னும் ஆண்பாற்பெயரைத் தொல்காப்பிய மரபியல் புல்வாய், புலி, உழை, மரை, கவரி, கராம், யானை, பன்றி என்பனவற்றிற்கு உரியதாகக் கூறும். ஆளி அப்பட்டியலில் இல்லை. மரபியல் கூறாத விலங்கிற்கு மரபியல் கூறிய பெயரைத் தந்தமையின் குறிப்பு யாது? ஆணும் பெண்ணும் உடையது, இனம் பெருக்குவது, ஏனை விலங்குகள்போல் காட்டில் ஓர் இனமாக வாழ்வது என்பதே. தெய்வ விலங்கிற்கு இப்பெயர் வேண்டுவதில்லை.

இனி, தூணுக்கு வருவோம். யாளி என்ற பெயரால் சிற்பங்களில் வழங்குவன எல்லாம் ஒரே உடலுடையன அல்ல. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்துக் குகை முகப்பைச் சூழ்ந்துள்ள தலைகள் துதிக்கையற்றன. அவற்றைப் புலித்தலை என்று கொண்ட ஊரார் அக்குகையைப் புலிக்குகை என்பர். சோழர் கோயில்களின் அடித்தளத்தில் ஓடும் யாளி வரியும் பெரும்பாலும் சிங்க முகத்தையே காட்டும். விசயநகர, நாயக்கர் காலங்களில்தான் துதிக்கையுடைய யாளி தூணளவு உயர்ந்து, முன்கால்களைத் தூக்கிப் பின்கால்களால் நின்று, மண்டபந்தோறும் பெருகுகின்றது. மதுரைப் புதுமண்டபத்தில் அதன் நிறைவைக் காணலாம். திருவில்லிபுத்தூர்த் தூண்களும் அக்குடும்பத்தனவே.

இத்தூண்களின் பொது அமைப்பை உறுப்பு உறுப்பாக நோக்கினால் சிற்பியின் அறிவு புலனாகும். முன்கால்கள் நிலத்தை விட்டெழும்போது உடலின் பாரம் முழுதும் பின்கால்களில் இறங்கும். அதற்கேற்பத் தொடை திரண்டு, முழங்கால் மடிந்து, பின்முதுகு வளைந்து அமைந்துள்ளது. மார்பு முன்தள்ளி, விலாப்புறம் உள்வாங்கியுள்ளது. இஃது இரைமேல் எழும் பெரும்பூனை இனத்தின் நிலை. தலையில்தான் இடர்ப்பாடு எழுகின்றது. துதிக்கையின் பாரத்தைத் தாங்க யானைக்குப் பெரிய மண்டையும் குறுகிய கழுத்தும் உள்ளன. சிங்கத்தின் கழுத்தோ அத்தகையதன்று. சிங்க உடலில் யானைக் கையைப் பொருத்தினால் பொருத்திய இடம் கண்ணை உறுத்தும். சிற்பி என் செய்தான்? பிடரி மயிரைச் சுருள் சுருளாகச் செறித்துக் கழுத்தை மறைத்தான். மணிமாலையை அதன்மேல் சூட்டினான். நாம் அணி என்று கருதிக் கடந்து செல்வதே, ஒன்றற்கொன்று பொருந்தாத இரண்டு உடல்களின் தையலை மறைக்கும் உத்தி.

துதிக்கை எங்குச் செல்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். இவ்வகைத் தூண்கள் பலவற்றில் யாளியின் காலடியில் சிறு யானையோ யானைத் துதிக்கையுடைய மகரமோ உண்டு. யாளியின் கை கீழிறங்கி அதன் கையைப் பற்றும், அல்லது அதனோடு பின்னிக்கொள்ளும். கல்லில் தனித்துத் தொங்கும் நீண்ட உறுப்பு எளிதில் ஒடியும். இரு முனையும் பிணைந்தால் நிற்கும். ஆகவே இது கல்லின் தேவையால் அமைந்தது என்பர் தச்சுநூல் அறிவார். அது மெய்யே. ஆயினும் கல்லின் தேவை ஒரு பூங்கொடியாலும் நிறைவேறியிருக்கும். சிற்பி தெரிந்தெடுத்தது யானையை. சங்கப் பாட்டில் ஆளி யானையிடமிருந்து பறித்தது அதன் கோடு. தூணில் அது யானையின் கோட்டையும் கையையும் தன் முகத்திலேயே அணிந்து நிற்கின்றது. இரையின் உறுப்பு வேட்டுவனின் உறுப்பாயிற்று. பகைவனின் முடியைத் தன் காற்கழலில் பொறித்துக்கொள்ளும் வேந்தனை அறிந்த மரபிற்கு இது புதிதன்று.

இதற்கு ஒரு தடை எழும். வடமொழிச் சிற்ப மரபில் வியாளம் எனும் விலங்கு உண்டு; அது சிங்கமுகம், யானைமுகம், குதிரைமுகம் எனப் பலவகைப்படும்; போசன் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரமும் வியாள வகைகளைக் கூறுகின்றது; ஆதலின் துதிக்கை அங்கிருந்து வந்திருத்தல் கூடாதோ எனின், கூடும். நாயக்கர் காலச் சிற்பி அகநானூற்றைப் படித்துத் தூண் செய்தான் என்று யான் கூறவில்லை. யானைமுக வியாளத்தில் யானை, அவ்விலங்கின் முகம் மட்டுமே. நம் தூணில் யானை இருமுறை வருகின்றது. ஒருமுறை முகத்தில், மற்றொருமுறை காலடியில். இவ்விருமை வகைப்பாட்டு நூலால் விளங்காது. யானையை வெல்லும் விலங்கு என்னும் பழங்கருத்தால் விளங்கும். அக்கருத்து பாட்டிலும் உண்டு, வழக்கிலும் நிலைத்திருக்கலாம். யாளி எனும் சொல் வியாளத்தின் திரிபா, யாடு ஆடு எனவும் யாமை ஆமை எனவும் நிற்பதுபோல் ஆளியின் இணைவடிவா என்பது வேறு வழக்கு. அதனை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை.

பிரெஞ்சு விலங்கியலார் குவியே பற்றிய கதை ஒன்று உண்டு. கொம்பும் குளம்பும் உடைய பேய்வேடம் பூண்டு மாணவன் ஒருவன் இரவில் அவரை விழுங்குவதாக அச்சுறுத்தினான். கொம்பும் குளம்பும் உள்ளது புல் தின்னும் விலங்கு, நீ என்னைத் தின்ன இயலாது என்று அவர் திரும்பிப் படுத்தார் என்பது அக்கதை. ஓருறுப்பு இன்னதாயின் ஏனை உறுப்புகளும் இன்னவாறே இருக்கும் என்னும் அவர்தம் உறுப்பியைபுக் கொள்கையை விளக்க இதனைக் கூறுவர். அவர் யாளியைக் கண்டிருப்பின் யாது கூறியிருப்பார்? உகிரும் கோரைப்பல்லும் ஊன் உண்பதன் அடையாளம். துதிக்கையும் கோடும் தழை உண்பதன் அடையாளம். இவ்விலங்கு உயிர் வாழாது என்றிருப்பார். சிற்பியும் இதனை உணர்ந்தவன் போலவே அத்துதிக்கையைத் தழை பறிக்க விடவில்லை. யானையைப் பிடிக்கவே விட்டான்.

உறுப்பியைபு எத்துணைக் கடுமையான விதி என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. இராசபாளையத்து நாயே போதும். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்ற அவ்வின நாயின் உருவம் 2005-இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம் பெற்றது. தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அழகெனக் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்த்தனர். நிறத்தையே வேண்டினர், ஆனால் நிறத்தோடு வேறொன்றும் வந்தது. அவ்வினக் குட்டிகளுள் சில செவிப்புலன் இன்றிப் போகின்றன. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்செவியின் தொழிலுக்கும் வேண்டப்படுதலே காரணம். வெண்ணிறமும் நீலக்கண்ணும் உடைய பூனைகள் பெரும்பாலும் செவிடாதலை டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலிலேயே குறித்துள்ளார். உயிருள்ள உடலில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். நாய் வளர்ப்பான் அறியாது செய்ததைச் சிற்பி அறிந்து செய்தான். தலையை மாற்றியவன் கழுத்தையும் மாற்றினான், கழுத்தை மாற்றியவன் மயிரையும் மாற்றினான்.

நம் அணியிலக்கணத்தார் இல்பொருள் உவமை எனவும், தண்டியலங்காரத்தார் அபூதவுவமை எனவும் கூறுவது இங்கு ஒப்பிடத்தக்கது. இல்பொருள் உவமையில் இல்லாதது முழுப்பொருளே. அதன் கூறுகள் எல்லாம் உள்ளவை. கூறுகளும் இல்லாதனவாயின் உவமை பொருள் தராது. இத்தாலிய ஓவியர் லியனார்டோவும் தம் குறிப்புகளில் இதனையே பயிற்சி முறையாக மொழிந்துள்ளார். நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் செவி, ஆமையின் கழுத்து என உள்ளவற்றினின்று ஒவ்வோர் உறுப்பாகக் கொண்டாலன்றிக் கற்பனை விலங்கு மெய்போலத் தோன்றாது என்பது அவர் கருத்து. ஆயினும் உறுப்புகளைத் தொகுத்தல் மட்டும் போதாது என்பதை யாளித் தூண் நமக்குக் கற்பிக்கின்றது. தொகுத்தவற்றிடையே நிகழும் இயைபே விலங்கினை எழுந்து நிற்கச் செய்வது.

அண்மைக் காலத்து ஒப்புமை ஒன்று உண்டு. செர்மானியக் கவிஞர் மார்கென்சுடெர்ன் மூக்கால் நடக்கும் விலங்கு ஒன்றை வேடிக்கையாகப் பாடினார். விலங்கியல் அறிஞர் கெரோல்ப் சுடைனர், சுடும்ப்கெ என்னும் புனைபெயரில் 1961-இல் வெளியிட்ட சிறு நூலில், அவ்விலங்கை ஒரு பேரினமாக விரித்து, அதன் எலும்பு, தசை, உணவு, வாழிடம் ஆகியவற்றை ஆய்வுநூல் நடையிலேயே எழுதிப் படங்களும் வரைந்தார். நூலில் ஒரு வரியேனும் சிரிப்பதில்லை. அதனாலேயே படிப்பார் சிரிக்கின்றனர். பாட்டில் பிறந்த விலங்கிற்கு உடலறிந்தவன் உடல் தருதல் என்னும் வகையில் ஆளி யாளியான கதையும் இதுவே. செர்மானியர் நகைக்காகச் செய்ததை நம்மவர் அச்சத்திற்காகவும் பெருமிதத்திற்காகவும் செய்தனர்.

அச்சமும் நகையும் எத்துணை அணுக்கமானவை என்பதை இக்காலத்துச் சுதையுருவங்கள் சிலவற்றில் காணலாம். அவற்றைச் செய்வோர் கண்ணைப் பிதுக்குகின்றனர், பல்லை மிகுக்கின்றனர், வண்ணத்தைக் கொட்டுகின்றனர். தொடையும் முதுகும் மட்டும் தளர்ந்து கிடக்கின்றன. அத்தகைய யாளி பாய இயலாது; ஆதலின் குழந்தைகளும் அதனைக் கண்டு அஞ்சுவதில்லை. பழைய தூணில் அச்சம் முகத்தில் இல்லை, பின்காலில் உள்ளது.

சங்க இலக்கியத்துள் வேறு சில அரிய உயிர்களும் உண்டு. அகநானூறு 12-ஆம் பாட்டில் வரும் இருதலைப்புள் ஓருடலும் இருதலையும் உடையது. இரு தலையோடு பாம்பும் கன்றும் அரிதாகப் பிறத்தலை அறிந்தார்க்கு அதனை உருவாக எண்ணுதல் அரிதன்று. கண்டபேரண்டம் எனும் இருதலைப் பறவையும் விசயநகரக் காலத்தில் அரச இலச்சினையாகிக் கல்லேறியது. அசுணத்தின் நிலை வேறு. அகநானூறு 88, நற்றிணை 304 ஆகிய பாடல்களில் அது இசைக்கு உருகுவதாகவும், அவ்வுருக்கமே அதற்குக் கேடாவதாகவும் வருகின்றது. அதன் நிறம் யாது, கால் எத்தனை, உகிர் உண்டா என்பனவற்றைப் புலவர் கூறவில்லை. விலங்கென்பார் உளர், பறவையென்பாரும் உளர். ஆளிக்கு உகிர் ஒன்றைப் புலவன் தந்தான். அவ்வோர் உகிரைப் பற்றிக்கொண்டு சிற்பி முழு உடலையும் எழுப்பினான். அசுணத்திற்குச் செவியன்றி வேறொன்றும் தரப்படவில்லை. திருவில்லிபுத்தூரிலோ யான் கண்ட பிற மண்டபங்களிலோ அசுணத்திற்கென ஒரு தூண் இல்லை.